அரளிக்குக் கீழே மேயும் கோழிகள்

கோழி வளர்க்க ஆரம்பித்தவர்களுக்கு முட்டை கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு பட்டியல் நிச்சயம் கிடைத்துவிடும். கோழிக்கு ஆகாத செடிகளின் பட்டியல். எனக்கும் பலரிடமிருந்து வந்தது, ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில். அகர வரிசையில் அடுக்கியிருப்பார்கள். அரளி, அடுத்து ஆப்பிள் விதை, அதற்கடுத்து ஆமணக்கு. மூன்றுக்கும் நேரே ஒரே மாதிரி சிவப்புக் குறி. அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் கால் வைக்க இடம் இருக்காது. தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், அவகாடோ, மணி பிளாண்ட், உண்ணிச்செடி என்று கண்ணில் படுகிற எதுவும் தப்பவில்லை. கோழிகளோ அந்தத் தக்காளிச் செடிக்கு அடியில்தான் பள்ளம் பறித்து மண்குளியல் போட்டுக்கொண்டிருக்கும். நடுநடுவே எட்டி ஒரு இலையைக் கொத்தும், உதறும், மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பட்டியல் பொய்யா, அல்லது என் கோழிகள் பிழைத்துக் கிடப்பது வெறும் அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை விடவில்லை. செடியைப் பிடுங்குவது சுலபம். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்க அந்தச் சிவப்புக் குறி உதவவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

முதலில், அந்தக் குறி எல்லா விஷத்தையும் ஒரே எடையில் நிறுத்துகிறது. ஆப்பிள் விதையில் அமிக்டலின் இருக்கிறது, உடைந்தால் அதிலிருந்து சயனைடு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பழத்தின் நடுப்பகுதியில் இருக்கும் நாலைந்து விதையில் வருவது மிகச் சொற்பம். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் கதையே வேறு. உடைந்த விதை சில போதும், பெரிய மிருகமே சாய்ந்துவிடும். காய்கறிகளுக்குள்ளேயும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தக்காளியில் பழுத்த பழம் பிரச்சினையே இல்லை, இலையும் தண்டும் பச்சைக்காயும்தான் யோசிக்க வேண்டியவை. உருளைக்கிழங்கில் பச்சை ஏறிய தோலும் முளையும் நிஜமாகவே ஆபத்து. அதிலுள்ள சொலனைன் வேகவைத்தாலும் பெரிதாகக் குறையாது. உலர்ந்த ராஜ்மா பயறு பச்சையாக இருந்தால் விஷம், நன்றாகக் கொதித்துவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நஞ்சுப் புரதம் அழிந்துவிடும். இதே பயறை அரைகுறைச் சூட்டில் வைத்தால் கொதிக்காதவரை விஷம் அப்படியே நிற்கும். இவ்வளவையும் ஒரே குறியில் அடைத்தால் படிப்பவர் ஒன்று பயந்து எல்லாவற்றையும் வெட்டுவார், இல்லை சலித்துப்போய் எதையுமே நம்பமாட்டார்.

இரண்டாவது, யாருக்கு விஷம் என்று பட்டியல் சொல்வதில்லை. நிறைய வரிகள் மாட்டிடமிருந்தோ குதிரையிடமிருந்தோ நாயிடமிருந்தோ கடன் வாங்கியவை. உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். அதே செடியின் கறுத்த பழத்தைத் தின்றுவிட்டுக் கொண்டைக்குருவிகள்தான் ஊரெல்லாம் விதை பரப்புகின்றன. ஆமணக்கு விஷயத்தில் குதிரை மிகவும் மென்மையான பிராணி, வாத்து ஆச்சரியமாகத் தாங்கும். அதற்காகப் பறவை என்றாலே தாங்கும் என்றும் சொல்ல முடியாது. அவகாடோவில் உள்ள பெர்சின் கூண்டில் வளர்க்கும் பட்ஜெரிகர், கேனரி குருவிகளைக் கொன்றுவிடும். கோழி அவற்றைவிட எவ்வளவோ தாக்குப்பிடிக்கிறது. நான் அந்தத் தோலையும் கொட்டையையும் கோழிக்குப் போடுவதில்லை. ஆனால் மரத்தை வெட்டச் சொன்னால் வெட்டமாட்டேன்.

கோழியின் நாக்கு, கோழியின் கண்

"அதுகளுக்கே தெரியும், விஷச்செடியைத் தொடாது" என்று சொல்பவர்கள் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். கேட்க இதமாக இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால், கசக்கும், துப்பிவிடும் என்பார்கள். மனிதனுக்குக் கசப்பை உணரும் ஏற்பிகள், அதாவது நாக்கில் சுவையைப் பிடிக்கும் புரதங்கள், ஏறத்தாழ 25 வகை. கோழிக்கு 3. நமக்கு வாயில் வைக்க முடியாத கசப்பு அதற்கு எப்படி இருக்கும் என்று நாம் ஊகிக்கவே முடியாது. காரம் இன்னும் வேடிக்கை. மிளகாயின் காரத்தை உணர வைக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக 2021-ல் டேவிட் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அவருடைய ஆய்வகம் 2002-லேயே கோழியின் ஏற்பியையும் எடுத்துப் பார்த்தது. மிளகாய்க் காரம் அதைத் தொடவே இல்லை. என் கோழி ஒன்று பழுத்த மிளகாயைப் பறித்துக்கொண்டு ஓட, மற்றவை பிடுங்கித் தின்ன அதைத் துரத்துவதைப் பார்த்தவன் என்ற முறையில், இதற்கு நோபல் பரிசு தேவையா என்றுகூடத் தோன்றியது.

கோழி நம்புவது கண்ணை. 1971-ல் வெளிவந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். நீல நிறம் ஏற்றிய புளிப்புத் தண்ணீரை எலிக்கும் காடைக்கும் குடிக்கக் கொடுத்து, பிறகு இரண்டுக்கும் வயிற்றைக் கெடுத்தார்கள். குணமான பிறகு எலி புளிப்பை ஒதுக்கியது. காடை நீலத்தை ஒதுக்கியது. கோழிக்குஞ்சும் இதே ரகம். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுக்கு முன்னால் கசப்பு தடவிய பளபளப்பான மணி ஒன்றை நீட்டினால் கொத்தும், தலையை உதறும், அலகைத் தரையில் தேய்க்கும். பிறகு அந்த நிற மணியை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. நினைவாற்றல் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர்கள் பல வருடம் இந்த ஒரே ஒரு கொத்தை வைத்தே வேலை செய்திருக்கிறார்கள்.

தாயும் சொல்லிக்கொடுக்கிறது. தாய்க்கோழிக்கு ஒரு நிறத் தீனி ஆகாதது என்று பழக்கிவிட்டு, குஞ்சுகள் அந்த நிறத்தையே தின்பதை அதற்குக் காட்டினால் என்ன செய்யும்? 1996-ல் வந்த ஓர் ஆய்வில் தாய் அதிகமாகக் கொத்திக் கிளறி, குஞ்சுகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. படித்ததும் என் கோழிகளை நினைத்துக்கொண்டேன். அவை இன்குபேட்டரில் பொரித்து, அட்டைப்பெட்டியில் வந்தவை. தாய் முகமே பார்க்காதவை. வீட்டுக் கோழிகளில் பெரும்பாலானவை இப்போது அப்படித்தான். "அதுகளுக்கே தெரியும்" என்பதில் பாதி, யாரோ ஒரு தாய் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பாதி இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

மீதிப் பாதியான சொந்த அனுபவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தின்றதும் கொஞ்சம் முடியாமல் போய், பிறகு தேறி, அந்த இலையை ஞாபகம் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அரளி அந்த அவகாசத்தைத் தராது. அதிலுள்ள ஓலியாண்ட்ரின் நேராக இதயத்தைப் பிடிக்கும். கிலுகிலுப்பைச் செடியின் விதை வேறு விதத்தில் ஏமாற்றும். ஈரலை மெல்ல மெல்லக் கெடுக்கும், வாரங்கள் கழித்துக் கோழி வாடும்போது எதைத் தின்றோம் என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

தட்டில் பரப்பிய தீனிப்பை

இந்த ஊசலாட்டத்தில் இருந்தபோதுதான் ஒரு கோழி செத்தது. செம்பழுப்பு நிறம், நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது. காலையில் கூட்டைத் திறந்தபோது மற்றவை ஓடி வந்தன, அது மெதுவாக நடந்து அரளி வேலி நிழலில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் அங்கேயே சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல தம்பி, அரளியை வச்சுக்கிட்டுக் கோழி வளர்க்காதேன்னு." கோழி கிடந்த இடத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். தலைக்கு மேலே அரளி இலை தொங்கிக்கொண்டிருந்தது. சாட்சி வேறு வேண்டாம்.

நான் கோழியை ஒரு பையில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஒரு கோழிக்குப் போஸ்ட்மார்ட்டமா என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இறகுகள் பறக்காமல் இருக்க நெஞ்சை ஈரத்துணியால் துடைத்து, தோலைக் கீறி, இரு பக்கமும் விரித்தார். வயிற்றறையைத் திறந்ததும் மஞ்சளாக, உதிர்ந்த வேகவைத்த கருபோல, கட்டி கட்டியாக ஏதோ வெளியே சரிந்தது. கூடவே கலங்கிய தண்ணீர், கெட்ட வாடை. "இது முட்டைக் கருதான். கருக்குழாய்க்குள்ள போகாம வயித்துக்குள்ள விழுந்திருக்கு. அதுல சீழ் பிடிச்சிருக்கு. நிறைய முட்டையிடற கோழிக்கு அடிக்கடி வரும்" என்றார். அதோடு விட்டுவிடுவார் என்று பார்த்தேன். நான் அரளி என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் தீனிப்பையையும் அறுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டினார்.

பாதி ஊறிய மக்காச்சோளம் கொஞ்சம், புல் துணுக்குகள், ஒரு சின்ன நத்தை ஓடு, நீல நிறப் பிளாஸ்டிக் நூல் ஒன்று. இடுக்கியால் ஒவ்வொரு பச்சைத் துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரளி இலைக்கு நடு நரம்பு தடிமனாக இருக்கும், அதிலிருந்து பக்க நரம்புகள் மெல்லியதாக, நெருக்கமாக, இணையாக ஓரம் வரை ஓடும், நகத்தளவு துண்டாக இருந்தாலும் தெரிந்துவிடும் என்றார். அந்தத் தட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. கடைசித் துண்டையும் வைத்துவிட்டு, "வேலி நிக்கற வரைக்கும் எனக்குப் பெரிய பயம் இல்ல. வெட்டினீங்கன்னா சொல்லுங்க, அப்பதான் பயம்" என்றார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. அக்காவின் மகன் உதவியாக இருக்கட்டும் என்று அரிவாளோடு வந்து வேலியில் பாதியை வெட்டியிருந்தான். வெட்டிய கிளைகள் வலையடைப்புக்குள்ளேயே குவிந்து கிடந்தன. இவ்வளவு காலம் அந்த வேலியை ஏறெடுத்தும் பார்க்காத கோழிகள் மொத்தமும் குவியல் மேல் ஏறி நின்று கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று இலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. புதிதாக ஏதோ வந்திருக்கிறது, காலடியில் கிடக்கிறது, மற்றவள் எடுப்பதற்குள் நான் எடுக்க வேண்டும். கோழிக்கு அவ்வளவு போதும். நானும் அந்தப் பையனும் அவற்றை விரட்டி அடைத்துவிட்டு, இருட்டும்வரை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினோம். எரிக்கலாமா என்று கேட்டான். அரளிப் புகையும் ஆகாது, மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்தினோம். எந்தக் கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குத்தான் என் கேள்வியே தப்பான இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று பட்டது. இந்தச் செடி விஷமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கோழி இதை ஏன் தின்னும் என்று கேட்டிருந்தால் பட்டியலில் பாதி தானாகக் கழன்றிருக்கும். கோழிக்குப் பல் இல்லை. நின்றிருக்கும் செடியிலிருந்து தோல்போலத் தடித்த இலையைக் கிழித்தெடுப்பது அதற்குப் பெரிய வேலை. இரண்டு கொத்து கொத்திவிட்டு, புழு தேடப் போய்விடும். அதே இலையைக் கத்தரித்துப் போட்டால், அதிலும் புல்வெட்டும் இயந்திரத்தில் விட்டு நறுக்கிக் கொட்டினால், விழுங்குகிற அளவில் நாமே தயார் செய்து கொடுத்தது போலாகிவிடும். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது. யூ மர வேலியைக் கத்தரித்த தழையைத் தின்று ஆடுமாடுகள் செத்தது பழைய கதை. செர்ரி குடும்பத்து மரங்களில் பச்சை இலையைவிட வாடிய இலையில்தான் சயனைடு எளிதாக வெளிப்படும். மூன்றிலும் கத்தரித்தது மனிதன்தான்.

அடுத்தது அடைப்பு. புல் முழுவதையும் கிளறித் தின்று தீர்த்துவிட்ட, வெறும் மண்ணான வலையடைப்புக்குள் இருக்கும் கோழிக்கு, வலைக்கு வெளியே இருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே பச்சை ஃபாக்ஸ்குளோவ் என்ற விஷச்செடியின் இலையாக இருந்தால் அதைத்தான் கொத்தும். பரந்த தோட்டத்தில் அதே செடியைச் சீண்டாது. பசியும் சலிப்பும் விஷச்செடியைவிட முன்னால் வருகின்றன. ஒரு கட்டுக் கீரையை எட்டிக் குதித்துக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுவது, ஒரு விஷச்செடியைப் பிடுங்குவதற்குச் சமமான பாதுகாப்பு என்று நான் இப்போது நினைக்கிறேன்.

மூட்டைக்குள் இருக்கும் தோட்டம்

கோழிகளைச் செடி கொன்றதாக நன்றாகப் பதிவான கதைகளைப் படித்தால், பலவற்றில் தோட்டமே வருவதில்லை. தீவன மூட்டைதான் வருகிறது. பேயாவரை என்கிற களைச்செடி சோளம், சோயா வயல்களில் வளரும். அறுவடையில் அதன் விதையும் சேர்ந்து வந்து தீவனத்தில் கலந்தால் கோழிக்குத் தசை நலியும், எடை குறையும், கால் நிற்காது. கிலுகிலுப்பையும் இப்படித்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பசுந்தாள் உரத்துக்காகக் கொண்டுவந்த ஓர் இனம், பிறகு களையாகப் பரவி மக்காச்சோளத்தோடும் சோயாவோடும் கலந்து கோழிகளைக் கொன்றது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு அளவு மீறினால் சேமித்து வைத்த முட்டையின் மஞ்சள் கரு பச்சை கலந்த பழுப்பாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. என்னவென்றே தெரியாததால் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயரே அந்தத் தேடலிலிருந்து வந்ததுதான். அரளி வேலியைப் பார்த்து நடுங்குகிற நாம், மழை நனைந்து கட்டி தட்டிப்போன தீவனத்தை "வெயில்ல காய வச்சுப் போட்டா சரியாயிடும்" என்று கொட்டுகிறோம். சரியாகாது. பூஞ்சை செத்தாலும் நஞ்சு நிற்கும்.

தோட்டத்துக்கு உள்ளேயும் செடியல்லாதவை இருக்கின்றன. நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையைக் கோழி தீனி என்றுதான் நினைக்கும். எலி மருந்து, மருந்தேற்றிய விதை, பழைய சுவரிலிருந்து உதிர்ந்த ஈயப் பெயின்ட் (அந்த ஈயம் முட்டைக்கும் போகும்) எல்லாம் இதே கணக்கு. செத்து அழுகிய எதிலாவது பிடித்த புழுவைத் தின்றால் பாட்டுலிசம் வரும். கழுத்து துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும். செடியைப் பழி சொல்லும் அவசரத்தில் இதைத் தவறவிடுவது சுலபம்.

அதனால் நான் எதையும் பிடுங்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆமணக்கைப் பிடுங்கினேன். காய் வெடித்து விதை தெறித்துத் தரையெல்லாம் கிடக்கும். பளபளவென்று புள்ளி போட்ட அந்த விதையைப் பார்த்தால் கொத்தாமல் போக எந்தக் கோழிக்கும் மனசு வராது. முழுதாக விழுங்கினால் தோல் காப்பாற்றும் என்கிறார்கள், ஆனால் கோழியின் அரைவைப்பை சிறுகற்களை வைத்துக்கொண்டு அரைப்பதற்கென்றே இருக்கிறது. அதே காரணத்துக்காகக் குன்றிமணிக் கொடியும் போனது. செங்காந்தளை வேறு இடத்துக்கு மாற்றினேன். அதன் இலையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கால்களால் கிளறிக் கிளறிக் கிழங்கை வெளியே எடுத்துவிடும், அதிலுள்ள கொல்கிசின்தான் பயம். ஊமத்தை தானாக முளைக்கும்போதெல்லாம் பூப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறேன். தக்காளி இருக்கிறது. மணி பிளாண்ட் மரத்தில் ஏறிக் கோழிக்கு எட்டாமல் போய்விட்டது. அரளியில் மீதி வேலி அப்படியே நிற்கிறது. வெட்டிய பாதியில்தான் இப்போது தலைவலி. இளந்துளிர்கள் சரியாகக் கோழியின் தலை உயரத்தில் வருகின்றன, முதிர்ந்த இலைபோலத் தடிப்பும் இல்லை. அங்கே மட்டும் இடுப்பளவு கம்பிவலை கட்டியிருக்கிறேன். பையனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன்: எதை வெட்டினாலும் கோழிகளை அடைத்துவிட்டு வெட்டு, குப்பையை அள்ளிய பிறகு திற.

அப்புறம், செடிதான் என்று சந்தேகம் வந்தால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. செத்த கோழியை உடனே புதைக்க வேண்டாம். இறகு உடல் சூட்டை அடக்கி வைத்துக்கொள்வதால் உள்ளே சீக்கிரம் கெட்டுவிடும். குளிர்ந்த தண்ணீரில் துளி சோப்பு கலந்து இறகுக்கு அடிவரை நனைத்து, பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டில் வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் பார்க்க லாயக்கில்லாமல் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகப்படுகிற செடியிலிருந்து இலையோடும் காயோடும் ஒரு கிளையைத் தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே கடைசியாகப் போட்ட தீவனத்திலிருந்து ஒரு கைப்பிடி. இரண்டையும் டாக்டர் மேசையில் வைத்தால் அவர் முதலில் பிரிப்பது பெரும்பாலும் தீவனப் பையைத்தான்.